ரோம் போகும் டெல்டாக்காரர்களுக்கு ஒர்வியேத்தோ: ஒரு பகல் போதும், வரிசை மாறக்கூடாது

தஞ்சாவூர், கும்பகோணம், வேளாங்கண்ணி பக்கமிருந்து ரோமுக்குக் கிளம்பும் குழுக்களின் பேக்கேஜில், ரோமுக்கு வடக்கே பாறை மேல் இருக்கும் பழைய இத்தாலிய ஊரான ஒர்வியேத்தோ இடம்பெற்றால், 'இரண்டு மணி நேரம் நிறுத்தம்' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த ஏற்பாட்டுக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண்தான். மேலே ஏறி, பேராலயத்தின் முன் நின்று படம் எடுத்து, கீழே இறங்குவதற்கே நேரம் சரியாகிவிடும். அதே ஊருக்கு முழுப் பகலைக் கொடுத்தால் பத்துக்கு ஒன்பது. ராத்தங்கல் வேண்டாம், பெட்டி ரோமிலேயே இருக்கட்டும்.

வயலும் வாய்க்காலுமாகச் சமதளத்தில் நடந்து பழகியவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது: ரயில் நிலையம் கீழே, ஊர் மேலே. எரிமலைச் சாம்பல் இறுகிய டூஃபோ பாறை செங்குத்தாக நிற்க, அதன் தலையில் ஊர் உட்கார்ந்திருக்கிறது.

ரோமின் பெரிய ரயில் நிலையமான தெர்மினியிலிருந்து ரெஜியோனாலே எனப்படும் சாதாரண ரயிலில் ஏறக்குறைய ஒன்றே கால் மணி நேரம். இந்த வண்டிகளில் முன்பதிவு இருக்கை கிடையாது, கட்டணமும் நாளுக்கு நாள் ஏறாது. மாதக்கணக்கில் முன்கூட்டி வாங்கி ஒரு லாபமும் இல்லை. தவறு நடப்பது வேறு இரண்டு இடங்களில். அறிவிப்புப் பலகையில் ஒர்வியேத்தோ என்ற பெயரையே தேடி நிற்பார்கள். பலகையில் இருப்பது வண்டி கடைசியாகப் போய்ச்சேரும் ஊர், பெரும்பாலும் ஃபிரென்ஸே, அதாவது ஃப்ளோரன்ஸ். ஆகவே வண்டி எண்ணைப் பாருங்கள். இரண்டாவது, காகித டிக்கெட்டை நடைமேடையிலுள்ள சின்னப் பெட்டியில் செருகி நேர முத்திரை குத்தாமல் ஏறினால், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டுக்கே அபராதம் விழும். கைபேசி டிக்கெட்டாக இருந்தால் ஏறுவதற்கு முன் 'செக்-இன்' அழுத்த வேண்டும். ஓர்த்தே, அத்திலியானோ தாண்டியதும் இறங்கத் தயாராகுங்கள். கியூசி என்ற பெயர் கண்ணில் பட்டால் இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிவிட்டீர்கள்.

நிலைய வாசலுக்கு எதிரிலேயே ஃபுனிகொலாரே, அதாவது கயிற்றில் இழுக்கும் சரிவு ரயில். 1888ல் தொடங்கியபோது இது தண்ணீர் எடையில் ஓடியது: மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியை நிரப்பினால் அது இறங்கும், கயிற்றின் மறுமுனையில் கீழ்ப் பெட்டி ஏறும். ஏற்றம் இறைத்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1990லிருந்து மின்சாரத்தில் ஓடுகிறது. சில நிமிடத்தில் பியாத்ஸா காஹென் என்ற திடலில் இறக்கிவிடும்.

இறங்கியதும் எதிரில் நிற்கும் சிற்றுந்தில் எல்லோரும் பேராலயத்துக்கு ஏறுவார்கள். நீங்கள் ஏறாதீர்கள். புனித பத்ரீசியோ கிணறு அந்தத் திடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கால் புதிதாக இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும். மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டால், ரயிலுக்கு நேரமாகிற பதற்றத்தில் படி ஏற வேண்டியிருக்கும்.

1527ல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி இங்கே வந்த போப் ஏழாம் கிளமெண்ட், முற்றுகை வந்தால் பாறை மேல் தண்ணீருக்கு என்ன வழி என்று பயந்து வெட்டச் சொன்ன கிணறு இது. வடிவமைத்தவர் அந்தோனியோ த சங்கல்லோ இளையவர். முடிந்தது அடுத்த போப் காலத்தில், 1537ல். ஆழம் 53 மீட்டர், அகலம் 13 மீட்டர். கிணற்றைச் சுற்றி ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுருள் பாதைகள்: இறங்க ஒன்று, ஏற ஒன்று. அடியில் சின்னப் பாலத்தில் தண்ணீரைக் கடந்து மறுபாதையைப் பிடிக்க வேண்டும். தண்ணீர் சுமந்த கோவேறு கழுதைகள் எதிரெதிரே முட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. திருச்சிக்குப் பக்கத்தில் திருவெள்ளறையில் பல்லவர் காலத்து ஸ்வஸ்திகக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். அங்கே ஒரு துறையில் குளிப்பவர் இன்னொரு துறையில் இருப்பவர் கண்ணில் பட மாட்டார். (திருவெள்ளறையே பல நூற்றாண்டு மூத்தது, அதற்கு இத்தனை விளம்பரம் இல்லை.)

படிகள் 248. சுவாமிமலையின் அறுபது படியை நான்கு முறை ஏறினாலும் இதற்கு எட்டுப் படி குறையும். கழுதைக்காகப் போட்டதால் படிகள் அகலம், உயரம் குறைவு. முழங்கால் வலிக்காரர்கள் மெதுவாக ஏறிவிடலாம். ஆனால் கீழே போகப் போகக் கல் ஈரமாக இருக்கும். தேய்ந்த ரப்பர் செருப்பு வழுக்கும். புடவை கட்டியவர்கள் கொசுவத்தைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொள்வது நல்லது. வெயிலில் வியர்த்துவிட்டு உள்ளே போனால் குளிர் சட்டென்று பிடிக்கும். தோளுக்கு ஒரு துண்டு இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு மதிப்பெண் ஆறு. மதிய உணவகங்கள் இரண்டரை வாக்கில் அடுப்பை அணைத்துவிடும், பிறகு ராத்திரிதான். சைவர்களுக்கு உம்ப்ரிகெல்லி கைகொடுக்கும்: மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கையால் உருட்டிய, தடித்த நூல் போன்ற பாஸ்தா. அதை அர்ரபியாத்தா சாற்றில் கேளுங்கள்; பூண்டு, தக்காளி, காய்ந்த மிளகாய், நம் நாக்குக்கு ஒத்துவரும். 'சிங்க்யாலே' என்றால் காட்டுப்பன்றி, 'குவான்சாலே' என்றால் பன்றிக் கன்னம். பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் வயிற்று நொதியால் உறையவைப்பது; கண்டிப்பான சைவர்கள் 'ஸென்ஸா ஃபொர்மாஜ்ஜோ' (பாலாடைக்கட்டி வேண்டாம்) என்று சொல்லிவிட வேண்டும். பில்லில் 'கோப்பெர்த்தோ' என்று தலைக்கு ஒரு தொகை வருவது ஏமாற்று இல்லை, மேஜைக் கட்டணம். கும்பகோணம் காபி நினைப்பில் 'லாத்தே' என்று கேட்டால் வெறும் பால் வரும். 'காஃபே லாத்தே' என்று முழுதாகச் சொல்லுங்கள். கவுண்டரில் நின்று குடித்தால் விலை குறைவு.

சாப்பிட்ட பிறகு, ஊருக்கு அடியில் பாறையில் குடைந்த நிலத்தடிக் குகைகள். வழிகாட்டியுடன்தான் விடுவார்கள், ஆங்கிலச் சுற்றுக்குக் குறிப்பிட்ட நேரம்தான் உண்டு; எனவே காலையிலேயே நேரம் கேட்டு வைக்க வேண்டும். பாறைச் சுவரில் வரிசை வரிசையாகக் குடைந்த புறா மாடங்களைத் தவறவிடாதீர்கள்.

பேராலயத்தைக் கடைசிக்கு வைக்கச் சொல்வதற்குக் காரணம் வெயில். முகப்பு மேற்குப் பக்கம் பார்த்தது. காலையில் மங்கிக் கிடக்கும் தங்க மொசைக், நாலு மணிக்கு மேல் தகதகக்கும். 1290ல் தொடங்கிய கட்டடம் இது, சுவர் கறுப்பு வெள்ளைப் பட்டை. உள்ளே சான் பிரித்ஸியோ சிற்றாலயத்தில் லூக்கா சிக்னொரெல்லி 1499 முதல் 1504 வரை தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியங்களுக்கு அரை மணி ஒதுக்குங்கள். பூண்டி மாதா, வேளாங்கண்ணி பக்தர்களுக்கு எதிர்ப்பக்கச் சிற்றாலயம் முக்கியம்: பொல்சேனா என்ற ஊரில் திருப்பலியின்போது நற்கருணை அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்ததாகச் சொல்லப்படும் அற்புதத்தின் திருமேனித்துகில், அதாவது பலிபீடத் துணி, அங்கேதான் இருக்கிறது. கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவை போப் நான்காம் உர்பன் 1264ல் அறிவித்ததும் இந்த ஊரிலிருந்துதான். அந்த விழா வாரத்தில் பக்தர்கள் போகலாம், மற்றவர்கள் கூட்டத்துக்குப் பயந்து தள்ளிப்போடலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

திரும்பும்போது திடல் வரை கொர்சோ காவூர் தெருவில் நடந்தே வரலாம், இறக்கம்தான். சரிவு ரயிலின் கடைசி நேரத்தைக் காலையிலேயே நிலையப் பலகையில் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். அது போய்விட்டால் கீழே இறங்கப் பேருந்தோ டாக்ஸியோ தேடி நிற்க நேரும்.