சிறப்புக் கல்வித் தலைமைக்கான எட்.டி. படிப்பு: யார் சேரலாம்?

பெங்களூரில் ஒரு பள்ளியின் சிறப்புக் கல்விப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வேலையை விடாமலே அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் எட்.டி. (கல்வியியல் முனைவர்) படிப்பை ஆன்லைனில் படிக்கிறேன், இப்போது ஆய்வுக் கட்டம். கையில் ஒரு பள்ளியும் அதில் எதையாவது மாற்றிப் பார்க்கும் அதிகாரமும் இருந்தால் தாராளமாகச் சேருங்கள்.

யாரும் தொடாத தலைப்பைத் தேடி இங்கே அலைய வேண்டியதில்லை. உங்கள் பள்ளியில் தினமும் தலைவலி கொடுக்கும் ஒரு சிக்கலை எடுத்து, காரணம் தேடி, சின்னதாக ஒரு மாற்றம் செய்து, பலனை அளந்து, திருத்தி மறுபடி செய்து பார்க்க வேண்டும். ஆய்வேடே அதுதான். எட்.டி. படிப்பைச் சீரமைக்க அமெரிக்காவில் 2007-ல் தொடங்கிய கார்னகி திட்டத்துக்குப் பிறகு பல பல்கலைக்கழகங்கள் எட்.டி.யை இப்படி மாற்றியமைத்திருக்கின்றன.

நான் எடுத்தது ஐ.இ.பி. கூட்டம், அதாவது ஒவ்வொரு பிள்ளைக்குமான தனிக் கல்வித் திட்டத்தைப் பெற்றோரோடு பேசும் கூட்டம். அல்சூர், மர்ஃபி டவுன் பக்கமிருந்து வரும் தமிழ் அம்மாக்கள் பலர், பிள்ளைக்கான கல்வித் திட்டம் ஆங்கிலத்தில் இருப்பதால் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டமான ஐடியாவைப் படிக்கும்போதுதான், பெற்றோருக்குத் தரும் அறிவிப்பு முடிந்தவரை அவர்கள் மொழியிலேயே இருக்க வேண்டும் என்ற விதி கண்ணில் பட்டது. சரி, நாமும் செய்வோம் என்று திட்டத்தைத் தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கி, கூட்டத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பினோம். ஒரு அம்மா அதில் 'தானாகச் சாப்பிடுவதில்லை' என்ற வரியை அடித்துவிட்டு 'இட்லி என்றால் தானே சாப்பிடுவான்' என்று பேனாவால் எழுதிக்கொண்டு வந்தார். அந்த ஒரு வரியால் பையனுக்கு வைத்திருந்த இலக்கே மாறியது. இதற்காகவே இந்தப் படிப்பை நான் பரிந்துரைப்பேன்.

குறை என்றால், பாடத்தில் வரும் சட்டமும் நிதியும் முழுக்க அமெரிக்காதான். நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிலுள்ள 21 வகைக் குறைபாடுகள், சிறப்பு ஆசிரியர்களுக்கான ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எதுவும் வராது, நாமே பக்கத்தில் வைத்துப் படித்துக்கொள்ள வேண்டும். கிழக்குக் கரையில் மாலை 7 மணி வகுப்பு நமக்கு விடிகாலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. அப்புறம், வழிகாட்டி பாதியில் மாறிவிட்டார், புதியவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது, அதற்கு யாரும் ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

கல்லூரி வேலையை மனதில் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நிறுவனங்கள் விற்கும் ஆன்லைன் பிஎச்.டி. செல்லாது என்று யு.ஜி.சி. 2022-லேயே எச்சரித்திருக்கிறது, அதனால் இந்தப் பட்டத்தை இங்கே ஏற்பார்களா என்று முதலில் விசாரித்துவிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே, உங்கள் பள்ளியையே ஆய்வுக்களமாக ஒப்புக்கொள்வார்களா, வழிகாட்டி விலகினால் என்ன ஏற்பாடு என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.