தனித்தனி ஃபைலா, ஒரே ஃபைலா?

பெங்களூரு மாரத்தஹள்ளிப் பக்கம் ஒரு டெக் பார்க்கில் நாலு மாடிக்கு அட்மின் வேலை பார்க்கிறேன். போன வருடம் யூபிஎஸ் பேட்டரிகளை மாற்றினோம். பாதுகாப்பு செக்லிஸ்ட்டில் ஆசிட் கையுறை, கண்ணாடி எல்லாம் டிக். சுற்றுச்சூழல் செக்லிஸ்ட்டில், பழைய பேட்டரி பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும் என்பதற்கும் டிக். லாரி மறுநாள்தான் வரும் என்றார்கள். அந்த 32 பேட்டரியும் ராத்திரி முழுக்கக் கிடந்தது அவசரப் படிக்கட்டில். காலையில் கூட்ட வந்த தர்மபுரி அக்கா, "இதைத் தாண்டி எப்படி சார் இறங்குறது?" என்றார். 2010 பிப்ரவரியில் கார்ல்டன் டவர்ஸ் என்ற அலுவலகக் கட்டடத் தீயில் 9 பேரைப் பறிகொடுத்த ஊர் இது. புகை தாங்காமல் ஜன்னல் வழியே குதித்தவர்களும் அதில் உண்டு. அக்கா கேட்ட கேள்வி எங்கள் இரண்டு பட்டியலிலும் இல்லை.

அதிலிருந்துதான் இந்த விவாதம் சூடுபிடித்தது: சுற்றுச்சூழலுக்கு ஐ.எஸ்.ஓ 14001, பணியிடப் பாதுகாப்புக்கும் உடல்நலத்துக்கும் 45001 என்று இரண்டு சர்வதேசத் தரநிலைகள் உண்டு; இவற்றை இரண்டு குழுக்கள் தனித்தனியே நடத்துவதா, ஒன்றாகக் கட்டிவிடுவதா?

தனித்தனி முறையில் ஆழம் கிடைக்கும். மின்கழிவு விதி தெரிந்தவருக்குத் தீயணைப்புக் குழாயின் அழுத்தம் தெரியாது, அழுத்தம் தெரிந்தவருக்கு மின்கழிவு விதி தெரியாது. தொழிற்சாலைக்கு இது சரி. மேஜையும் ஏசியும் ஜென்செட்டும் (ஜெனரேட்டர்) உள்ள அலுவலகத்துக்கு, ஒரே வேலையை இரண்டு தடவை செய்வதுதான் மிச்சம். 2015-இல் வந்த 14001, 2018-இல் வந்த 45001 இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான்: கொள்கை, பயிற்சி, ஆவணம், உள் ஆடிட், நிர்வாகக் கூட்டம். 2024 பிப்ரவரியில் இரண்டிலும் பருவநிலை மாற்றம் பற்றிய ஒரே திருத்தம் சேர்ந்தது. அதற்காக நாங்கள் இரண்டு கூட்டம் போட்டு, 2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலை மூழ்கிய கதையை இரண்டு ஃபைலில் எழுதினோம்!

இன்னொன்று: மின் கட்டணம் குறைய வெளிக்காற்று வரும் வழியைப் பாதி மூடினார்கள். சுற்றுச்சூழல் குழுவுக்குப் பாராட்டு. மூன்று மணிக்கு மேல் தலைவலி என்று வந்த புகார்கள் உடல்நலக் குழுவிடம். எதை மாற்றினாலும் முன்கூட்டியே நிரப்பும் ஒரே படிவம் இருந்திருந்தால் இரண்டும் அன்றே சந்தித்திருக்கும்.

ஆனால் ஒன்றாக்குவதிலும் குழி உண்டு. ஆபத்துக்கு மதிப்பெண் போடும் கட்டத்தைப் பொதுவாக வைத்தால், வழுக்கி விழுவது உடனே கண்ணில் படும், மெல்லக் கெடுக்கும் கழிவு எப்போதும் அடியில் போய்விடும். அதனால் மதிப்பெண் முறை தனித்தனியாகவே இருக்கட்டும். அப்புறம், தொழிலாளர்களைக் கலந்து பேச வேண்டும் என்று 45001-இல் தனிப் பிரிவே உண்டு, 14001-இல் இல்லை. ஒன்றாக்கும் அவசரத்தில் முதலில் காணாமல் போவது அதுதான். கமிட்டியில் மேனேஜர்கள் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள், காண்ட்ராக்ட் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் வெளியே.

மென்பொருள் வாங்கினால் தீரும் என்றும் ஒரு கட்சி உண்டு. நாலு மாடிக்கு எக்ஸெல் போதும், அந்தக் காசில் காற்றின் தரம் அளக்கும் கருவி வாங்கலாம்.

என் ஓட்டு ஒருங்கிணைப்புக்குத்தான். ஆனால் அதற்கு முன்னால் கட்டட நிர்வாகத்தோடு இணைய வேண்டும். ஜென்செட், கழிவுநீர் சுத்திகரிப்பு, படிக்கட்டு மூன்றும் அவர்கள் கையில். நம் அமைப்பு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் நம் கதவோடு நின்றுவிடும். சேர்ந்து ஃபயர் டிரில் நடத்த ஒப்புக்கொண்டார்கள். தங்கள் விபத்துப் பதிவேட்டை மட்டும் இன்னும் காட்டவில்லை, கேட்டால் "அடுத்த வாரம் சார்" என்கிறார்கள்.