அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பம்: இராமநாதபுரத்து ஆலோசனை மையம் ஒன்றின் மதிப்புரை

இராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இயங்கிவரும் அயல்நாட்டுக் கல்வி ஆலோசனை மையம் ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. பெயரைக் குறிப்பிடவில்லை, இதே அச்சில் வார்த்த மையங்கள் மதுரையிலும் திருச்சியிலும் நிறைய இருப்பதால், இங்கே சொல்லப்படுபவை அங்கே போகிறவர்களுக்கும் பயன்படும். சென்ற விண்ணப்பப் பருவத்தில் கீழக்கரையில் இருக்கும் என் தங்கை மகளும், பாம்பனைச் சேர்ந்த என் பழைய மாணவி ஒருத்தியும் அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் படிப்பதற்காக இந்த மையத்தின் வழியாக விண்ணப்பித்தார்கள். இருவருக்கும் துணையாகப் போய் வந்தவன் நான். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போய்வந்து பழகிய இந்தக் கரையில் அமெரிக்கக் கல்லூரிப் படிப்பு இன்னும் புதிய சங்கதிதான் என்பதால், மையத்தில் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் பெற்றோரே அதிகம்.

மையத்தாருக்குச் சேர வேண்டிய பாராட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். காகித வேலையில் இவர்கள் கெட்டிக்காரர்கள். நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மதிப்பெண் பட்டியலில் ஓர் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுதுமாகவும் இருக்கும். இந்த வேறுபாட்டை முதல் நாளே கண்டுபிடித்து, எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கடைசிப் படிவம் வரை அதையே பின்பற்றச் செய்தார்கள். வங்கிச் சான்று, கல்லூரி சேர்க்கையை உறுதிசெய்து தரும் ஐ-20 படிவம், வெளிநாட்டு மாணவர் பதிவேட்டுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம், 185 டாலர் விசா விண்ணப்பக் கட்டணம், சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கான நாள் என்று எதிலும் ஒரு பிசகு நேரவில்லை.

சிக்கல் தொடங்குவது, பிள்ளை யார் என்று கேட்கப்படும் இடங்களில். அவர்கள் கொடுத்த ஆவணப் பட்டியலின் நடுவிலேயே சாதிச் சான்றிதழ் இருந்தது. அது எதற்கு என்று கேட்டதற்கு, "எதுக்கும் இருக்கட்டும் சார், எல்லா இடத்திலயும் கேக்குறதுதானே" என்றார் ஆலோசகர். நம் ஊரில் அதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனியாக உண்டு. இலப்பை என்ற தலைப்பின் கீழ் மரைக்காயரும் இராவுத்தரும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள் என்பதால், கீழக்கரைப் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பதும் கிடைக்காததும் அந்தத் தாளைப் பொறுத்திருக்கக் கூடும். அமெரிக்கக் கல்லூரியிலோ அதை வாங்கிப் பார்க்க ஒரு மேசை கூடக் கிடையாது. சாதி அங்கே பேசப்படுவது சேர்க்கைக் கணக்கில் அன்று, பாகுபாட்டுத் தடை விதிகளில்: பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகமும் பிரவுன் பல்கலைக்கழகமும் 2022இலும், தங்கள் விதிகளில் சாதியைப் பெயர் சொல்லிச் சேர்த்தன. கலிபோர்னியா மாநிலம் முழுவதற்கும் அப்படியொரு சட்டம் கொண்டுவர முயன்றபோது, 2023 அக்டோபரில் ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்திட மறுத்துவிட்டார். ஆகவே, அங்கே போன பின் விடுதி அறையில் நம்மவர் ஒருவரே "நீ எந்த ஆளு" என்று கேட்டால், அது எந்த வளாகத்தில் புகாராகும், எங்கே ஆகாது என்பதுதான் பாம்பன் பெண்ணின் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. அதைப் பற்றி மையத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்தது இனம். 1,000க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும் காமன் ஆப் என்னும் பொது விண்ணப்பத்தில் இனத்தைக் குறிக்க ஒரு பகுதி உண்டு. விருப்பமிருந்தால் நிரப்பலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். "ஆசியர்னு மட்டும் குறிச்சிடாதீங்க, இடம் போயிரும்" என்பது ஆலோசகரின் உறுதியான அறிவுரை. இது வானத்திலிருந்து விழுந்த பேச்சன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு ஆளுமை மதிப்பெண்ணைக் குறைத்துப் போடுகிறது என்று தொடுக்கப்பட்ட வழக்கில் பல ஆண்டுகள் அடிபட்ட செய்தி அது. ஆனால் அந்த வழக்கு முடிந்துவிட்டது. 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹார்வர்டு வழக்கில் ஆறுக்கு இரண்டு என்றும் வட கரோலினா பல்கலைக்கழக வழக்கில் ஆறுக்கு மூன்று என்றும், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பது அரசமைப்பின் 14ஆவது திருத்தத்துக்கும் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்துக்கும் முரணானது என்று தீர்ப்பளித்தது. அந்த ஆகஸ்டு முதல், இனக் கட்டத்தில் மாணவர் தரும் பதிலைத் தங்கள் கண்ணில் படாமல் மறைத்துவைக்கும் வசதியைக் காமன் ஆப் கல்லூரிகளுக்குக் கொடுத்திருக்கிறது. மையத்தின் அறிவுரை ஒரு தீர்ப்புக்குப் பின்தங்கி நிற்கிறது.

"அங்கயும் கோட்டா இருக்கு சார்" என்று அவர் சொன்னது இன்னும் பழைய கதை. இனத்துக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கிவைப்பது கூடாது என்று 1978இலேயே, கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஆலன் பாக்கி என்பவர் தொடுத்த வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. பல கூறுகளில் ஒன்றாக இனத்தைப் பார்க்கலாம் என்று அப்போது விட்டுவைத்த வழியைத்தான் 2023இல் அடைத்தார்கள். விளைவும் உடனே தெரிந்தது: தீர்ப்புக்குப் பின் அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) சேர்த்த முதல் அணியில் கறுப்பின மாணவர்களின் பங்கு சுமார் 13 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்கு இறங்கியது.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்றை மையம் சொல்லியிருக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு மாணவர் விசாவில் போகும் பிள்ளையை அமெரிக்கக் கூட்டாட்சி அரசுக்கான புள்ளிவிவரத்தில் கல்லூரிகள் எந்த இனத்தின் கீழும் எண்ணுவதில்லை. "வெளிநாட்டு மாணவர்" என்ற தனி வரிசையில் வைத்துவிடுகின்றன. ஆசியர் என்ற கட்டத்தைக் கண்டு என் தங்கை அத்தனை நாள் உறக்கம் கெட்டிருக்கத் தேவையில்லை. இந்தியரை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்பதில் அந்த நாட்டுக்கே நீண்ட குழப்பம் உண்டு என்பதையும் இங்கே சொல்லலாம். 1923இல், அமெரிக்கக் குடியுரிமை கேட்ட பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில், இந்தியர் வெள்ளையர் ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதே இந்தியர்கள் வெள்ளையர் கணக்கில் போனார்கள். 1980இல்தான் ஆசிய இந்தியர் என்று தனியே ஒரு கட்டம் வந்தது.

மதத்தைப் பற்றிய ஆலோசனைதான் எனக்கு மிகவும் உறுத்தியது. பாம்பன் பெண் கத்தோலிக்கக் குடும்பம் என்று தெரிந்ததும் கத்தோலிக்கக் கல்லூரிகளின் பட்டியல் ஒன்றை எடுத்து நீட்டினார்கள். என் தங்கை மகளின் பட்டியலிலிருந்து அதே கல்லூரிகளை அடித்தார்கள். அடிபட்டவற்றில் ஜார்ஜ்டவுன் ஒன்று. 1789இல் தொடங்கிய, ஏசு சபையார் நடத்தும் அந்தப் பல்கலைக்கழகம்தான் 1999இலேயே முழுநேர முஸ்லிம் இமாம் ஒருவரைப் பணியில் அமர்த்தியது. அமெரிக்கா வரைகூடப் போக வேண்டாம். மிஷனரியின் பெயரைத் தாங்கிய ஷுவார்ட்ஸ் பள்ளியில்தான் அப்துல் கலாம் படித்தார். கீழக்கரையில் முஸ்லிம் பெரியவர்கள் தொடங்கிய கல்லூரிகளில் இந்துப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்த ஆலோசகருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது விந்தைதான்.

புகைப்படம் எடுக்கும்போது முக்காட்டைக் கழற்றச் சொன்னார்கள். என் தங்கை அப்போதுதான் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார்: "படத்துக்கே கழட்டணும்னா அங்க போயி எம்புள்ள எப்படிப் போட்டுக்கிட்டுப் படிக்கும்?" காமன் ஆப் படமே கேட்பதில்லை. விசாப் படத்திலும், மத வழக்கப்படி நாள்தோறும் அணியும் தலைத்துணிக்கு, முகம் முழுதும் தெரிந்தால் போதும் என்று அனுமதி இருக்கிறது. அவர் கேட்ட பெரிய கேள்விக்கும் விடை உண்டு. ஓக்லஹோமா மாநிலத்தின் மஸ்கோகியில் ஹிஜாப் அணிந்து வந்ததற்காக இடைநீக்கம் செய்யப்பட்ட பள்ளி மாணவியின் பக்கம் 2004இல் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகமே நின்றது. பள்ளி நிர்வாகம் இறங்கிவந்தது. மாநிலப் பல்கலைக்கழகமானால், மதச் சுதந்திரத்தைக் காக்கும் அரசமைப்பின் முதல் திருத்தம் அதைக் கட்டுப்படுத்தும். தனியார் கல்லூரியைக் கட்டுப்படுத்துவது அதன் சொந்த விதிகளும், கூட்டாட்சி நிதி பெறுமானால் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பும். அந்த ஆறாம் தலைப்பில் இனம், நிறம், பூர்வீக நாடு என்று மூன்றுதான் உண்டு, மதம் இல்லை. முஸ்லிம், யூதர், சீக்கியர் ஆகியோர் பொதுவான வம்சாவளியின் பெயரால் ஒதுக்கப்பட்டால் மட்டும் அதில் இடம் உண்டு என்று கல்வித்துறை விளக்கம் சொல்லிவருகிறது. பெண்ணை அனுப்பும் தாய்க்கு இவையெல்லாம் கல்லூரியின் தரவரிசையை விடத் தேவையான தகவல்கள்.

இனிக் கட்டுரை. காமன் ஆப் கேட்பது 650 சொற்களுக்கு மிகாத ஒரே ஒரு கட்டுரை. அதற்கான தலைப்புகளில் முதலாவதே, தன் பின்னணியோ அடையாளமோ இல்லாமல் தன் விண்ணப்பம் நிறைவுறாது என்று கருதும் மாணவர் அதை எழுதலாம் என்கிறது. இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று மாணவர் எழுதுவதைக் கல்லூரி கருத்தில் கொள்ளத் தடையில்லை, ஆனால் அவரை ஒரு தனிமனிதராக அவர் பட்ட அனுபவத்தைக் கொண்டு பார்க்க வேண்டும் என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் தீர்ப்பிலேயே எழுதிவைத்ததால், 2023க்குப் பின் இந்தக் கட்டுரைக்கு எடை கூடிவிட்டது. சாரா லாரன்ஸ் கல்லூரி அந்தத் தீர்ப்பு வரியையே கேள்வித்தாளில் எடுத்துப் போட்டது. மையத்துக்கும் இந்த எடை தெரிந்திருக்கிறது. அதனால்தான் "கட்டுரைப் பேக்கேஜ்" என்று 20,000 ரூபாய் தனியாக வாங்குகிறார்கள்.

அந்தப் பணத்துக்கு என்ன நடந்தது என்பதைப் பாம்பன் பெண்ணின் கட்டுரையை வைத்தே சொல்லலாம். அவள் தாயார் கடற்பாசி எடுக்கப் போகிறவர். அந்தப் பெண் எழுதிக் கொண்டுவந்த முதல் படியில், பாறை கிழிக்காமல் இருக்கத் தாயார் விரல் விரலாகத் துணி சுற்றிக்கொள்ளும் விதமும், ஈரப் பாசியைக் காயவைத்தால் எடை எவ்வளவு இறங்கும், வியாபாரி எந்த நாளில் என்ன விலை போட்டார் என்று எட்டாம் வகுப்பிலிருந்து தான் எழுதிவரும் கணக்கு நோட்டும் இருந்தன. ஒரு மாதம் வியாபாரி தராசில் கை வைத்ததை அந்த நோட்டைக் காட்டி நிரூபித்திருக்கிறாள். புள்ளியியல் படிக்க விரும்புகிறவள் எழுதக்கூடிய இதைவிட நல்ல கட்டுரை எனக்குத் தெரியவில்லை. திருத்தி வந்த படியில் நோட்டைக் காணோம், தராசைக் காணோம். அதற்குப் பதிலாகச் சுனாமி வந்திருந்தது. அவள் பிறப்பதற்கு முன் வந்த சுனாமி. கரையில் நின்று அழும் ஒரு சிறுமியும், இலங்கைக் கடற்படையும், முடிவில் கலாமின் கனவும் வந்திருந்தன. (இந்தத் தீவிலிருந்து போகும் கட்டுரைகளில் கலாம் வராத கட்டுரை இருந்தால் அதற்கே ஓர் இடம் கொடுத்துவிடலாம்.) "அழுகை இருந்தாத்தான் சார் அவங்க படிப்பாங்க" என்றார் ஆலோசகர்.

என் தங்கை மகளுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். அவள் நன்னாள் பெருநாள் சமையலைப் பற்றியும், தன் பாட்டியார் அரபுத் தமிழில் (அரபு எழுத்தில் எழுதும் தமிழில்) எழுதிவைத்த குறிப்புகளைத் தான் படிக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றியும் எழுதியிருந்தாள். "முஸ்லிம்னு தெரியாம எழுதுறது நல்லது" என்று அதை முழுதுமாக எடுத்துவிட்டு, ரோபோ போட்டி ஒன்றைச் சேர்த்தார்கள். ஒருத்தியின் அடையாளத்தைக் கூவி விற்கவும் இன்னொருத்தியின் அடையாளத்தை முந்தானைக்குள் மறைக்கவும் சொன்ன மையம், இரண்டு பெண்களிடமும் "நீ என்னம்மா எழுத நினைக்கிறாய்" என்று ஒரு முறை கேட்டிருந்தால் போதும். இருவரும் தங்கள் முதல் படியையே மொழி பார்த்து அனுப்பினார்கள்.

விசாக் கட்டத்தில் மையத்தார் மீண்டும் தேறிவிட்டார்கள் என்றாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். டி.எஸ்.-160 என்னும் விசா விண்ணப்பப் படிவத்தில், நீங்கள் ஏதேனும் குலத்தையோ பழங்குடியையோ சேர்ந்தவரா என்று ஒரு கேள்வி உண்டு. அதில் சாதிப் பெயரை எழுதிவிடப் போனார் தட்டச்சு செய்த தம்பி. மூத்த ஆலோசகர் பார்த்து "இல்லை" என்று மாற்றினார். கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் அதே படிவம் கேட்கிறது. 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்போர் அந்தக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்துவைக்க வேண்டும் என்ற உத்தரவும் வந்திருக்கிறது. பழைய பதிவுகளை அழித்துவிடுங்கள் என்று சில பெற்றோரிடம் இங்கே சொல்வதைக் கேட்டேன். கணக்கையே மறைத்துப் படிவத்தில் பொய் சொல்லும் அளவுக்கு அந்தப் பேச்சு நீண்டால், விசா மறுப்போடு போகாமல் வாழ்நாள் தடையாகவும் முடியலாம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கட்டண விவரம்: பதிவுக்கும் படிவங்களுக்கும் சேர்த்து 35,000 ரூபாய் ஆனது, அது கொடுத்த காசுக்கு வேலை. கட்டுரைப் பேக்கேஜை வாங்க வேண்டாம். ஆங்கிலம் திருத்த மட்டும் பள்ளி ஆசிரியர் ஒருவர் போதும். கல்லூரிப் பட்டியலை அவர்கள் கொடுத்தாலும், ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் பாகுபாட்டுத் தடை விதிப் பக்கத்தைப் பெற்றோரே ஒரு முறை திறந்து பார்க்கட்டும். முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள் என்பதால், ஆடி மாதமே மையத்துக்குப் போய்விடுவது நல்லது. புரட்டாசிக்குப் பின் போனால் மூத்த ஆலோசகர் கிடைக்கமாட்டார், தட்டச்சு செய்யும் தம்பிதான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார்.