செங்கோட்டையிலிருந்து: கைக்குள் அடங்கும் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரும் அதன் வீடியோ செட்டிங்கும்

செங்கோட்டையில் கல்யாண வீடியோ எடுக்கும் எங்களுக்கு ஒரு முகூர்த்தம் தென்காசியில் என்றால், அடுத்தது புளியரை தாண்டி ஆரியங்காவிலோ புனலூரிலோ இருக்கும். எல்லைக்கு இருபுறமும் மண்டப வாசலிலும் பந்தியிலும் எல்இடி திரை வைப்பது வழக்கமாகிவிட்டதால், கூட்டத்தின் கால்களுக்கிடையே எச்டிஎம்ஐ கேபிள் இழுக்கும் தொல்லையிலிருந்து விடுபட, கேமராவின் தலையில் பொருத்தும் சிறிய வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் கொண்ட ஜோடி ஒன்றை வாங்கினோம். குறைகளையும் சொல்லப்போவதால் கம்பெனியின் பெயரை விட்டுவிடுகிறேன். இந்த அளவில் வரும் கருவிகள் பலவற்றின் மெனுவும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தக் கருவி படத்தின் அளவையோ ஃபிரேம் ரேட்டையோ (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) மாற்றித் தராது என்பது. கேமரா எதைக் கொடுக்கிறதோ அதுவே மறுமுனையில் வெளிவரும். இதன் வரம்பு 1080p60 (நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் முழு எச்டி படம்) என்பதால், அதைவிடப் பெரிய 4கே கொடுத்தால் ‘நோ சிக்னல்’ என்று மட்டும் காட்டும். ஆகவே பாதி செட்டிங்கைக் கேமராவிலேயே செய்ய வேண்டியிருக்கிறது. எச்டிஎம்ஐ அவுட்புட்டை ‘ஆட்டோ’வில் விட்டுவைத்த நாள் எங்களுக்கு மறக்காது. கிம்பலில் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் கைப்பிடி) இருந்த தம்பி, தாலி கட்டும் நேரத்தில் ஸ்லோமோஷனுக்காக 25 ஃபிரேமிலிருந்து 50-க்கு மாறினார். கேமராவும் ரிசீவரும் திரையும் புதிதாகப் பேசி முடிக்கும்வரை, சில நொடிகளுக்குத் திரை கறுத்தே கிடந்தது. பெண்ணின் தாய்மாமன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. அன்றிலிருந்து அவுட்புட்டை 1080p என்று நிலையாக வைப்பதோடு, திரைக்குப் போகும் கேமராவில் நிகழ்ச்சி முடியும்வரை ஃபிரேம் ரேட்டை யாரும் தொடக்கூடாது என்றும் முடிவு செய்துவிட்டோம். எச்டிஎம்ஐ வழியாகக் கேமராவின் எழுத்துகள் போவதையும் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மணமக்களின் தலைக்கு மேல் பேட்டரிக் குறியும் சேர்ந்து நிற்கும்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வந்த கேமரா என்றால் அது அமெரிக்கா போன்ற நாடுகளின் என்டிஎஸ்சி (NTSC) முறையில் 60 ஃபிரேமில் இருக்கக்கூடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபத்துப் பழைய டியூப் லைட்டுகள் திரையில் துடிப்பதைக் காணலாம். ஆனால் பழி டிரான்ஸ்மிட்டர் மீது விழும். நம் நாட்டுக்கு உரிய ‘பால்’ (PAL) முறைக்கு மாற்றி, ஷட்டரை 1/50-இல் வைத்தால் துடிப்பு நின்றுவிடும். சில கேமராக்கள் அந்த மாற்றத்தின்போது கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும் என்பதால், இதை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

டிரான்ஸ்மிட்டரின் சொந்த மெனுவில் உண்மையாக யோசிக்க வேண்டிய இடம், தெளிவா தடங்கலின்மையா என்று கேட்கும் இரண்டு மோடுகள்தான்: தெளிவுக்கு ‘எச்டி’, தடங்கலின்மைக்கு ‘ஸ்மூத்’. 1080p25 படத்தைச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்குச் சுமார் 830 மெகாபிட் ஆகும். இந்தக் கருவி அதைப் பத்து மெகாபிட் அளவுக்குச் சுருக்கித்தான் அனுப்புகிறது. அசையாத மேடையில் இந்தச் சுருக்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அட்சதை பொழியும் அந்த ஒரு நிமிடத்தில், நூற்றுக்கணக்கான அரிசியும் பூவிதழும் ஒரே சமயத்தில் அசைவதால், ‘ஸ்மூத்’ மோடில் பட்டுச்சேலையின் ஜரிகை கட்டம் கட்டமாக உடைகிறது. எனவே ரிசீவர் கண்ணுக்கு எதிரே இருக்கும் மண்டபங்களில் ‘எச்டி’ மோடையும், பந்திக்கூடம் சுவருக்கு அப்பால் இருந்தால் மட்டும் ‘ஸ்மூத்’ மோடையும் வைக்கிறோம். சுவர் என்று வந்துவிட்டால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரக்கணக்கை மறந்துவிடலாம்.

தாமதம் 0.08 நொடி என்று சொல்லப்பட்டிருக்கிறது. 25 ஃபிரேம் கணக்கில் அது இரண்டு ஃபிரேம். செல்போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, கேமராவை அதை நோக்கித் திருப்பி, போனும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்தால் இரண்டு எண்களின் வித்தியாசத்தில், கேமராவும் திரையும் எடுத்துக்கொள்ளும் நேரத்தோடு சேர்த்து, இது தெரிந்துவிடும். மைக் இல்லாத தவில் ஓசை 0.08 நொடியில் சுமார் 27 மீட்டர் செல்லும் என்பதால், அவ்வளவு தள்ளியிருக்கும் பின்வரிசைக்கு அடியும் ஓசையும் ஏறக்குறையப் பொருந்திவிடுகின்றன. மேடைக்கு அருகே திரை வைத்தால்தான் தவில் வித்துவானின் கை பின்தங்குவதாகத் தோன்றுகிறது. லைவ் மிக்ஸிங்கில் ஒலியைத் தனியாக எடுப்பவர்கள், அதையும் அதே அளவுக்குத் தாமதப்படுத்த வேண்டும்.

சேனல் (படம் போகும் ரேடியோ அலைவரிசை) விஷயத்தில் இந்தக் கருவி மீது எனக்குக் கோபம் உண்டு. இது பயன்படுத்தும் 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி இந்தியாவில் 2018-இல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டதால், மண்டபத்து வைஃபையும் அதே இடத்தில்தான் நெருக்கியடிக்கிறது. காலை ஐந்து மணிக்கு ஆளில்லாத மண்டபத்தில் ஸ்கேன் செய்து தேர்ந்த சேனல், முகூர்த்த வேளையில் உதவுவதில்லை. கூட்டம் வந்த பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும், ரிசீவரையும் ஸ்டாண்டில் ஆளுயரத்துக்கு மேல் ஏற்ற வேண்டும். இத்தனை சிரமப்பட்டுத் தேர்ந்த சேனலை, பேட்டரி மாற்றியவுடன் கருவி மறந்துவிட்டு மீண்டும் ஆட்டோவுக்குப் போய்விடுகிறது. மோடு மட்டும் நினைவில் நிற்கிறது. அதனால் அன்றைய சேனல் எண்ணை ஒரு துண்டு பிளாஸ்டரில் எழுதி, டிரான்ஸ்மிட்டரின் முதுகில் ஒட்டிவைத்திருக்கிறோம்.