டர்னை விட்டுக்கொடுத்தால் வட்டி யாருக்கு?

பலகையில் கறுப்பு, வெள்ளைக் கல் வைத்து இடம் பிடிக்கும் கோ ஆட்டத்தில், கறுப்புக் கல்லை வைத்துக்கொண்டு முதல் முறையே பாஸ் சொன்னால், அதாவது ஆடாமல் டர்னை விட்டால், ஏறக்குறைய 13 புள்ளி போச்சு. கணக்கு எளிது. முதலில் ஆடும் கறுப்புக்குக் கிடைக்கும் ஆதாயத்தை ஈடுகட்ட, ஜப்பானிய விதியில் வெள்ளைக்கு 6.5 புள்ளி கொடுக்கிறார்கள். கறுப்பு கல்லே வைக்காமல் விட்டால் அந்த ஆதாயமும் வெள்ளைக்குப் போகிறது, கொடுத்த 6.5-உம் அங்கேயே இருக்கிறது. ஆனால் அதே பாஸ், க்வெண்ட் சீட்டாட்டத்தில் சரியான நேரத்தில் வந்தால் எதிராளியைத் திணறடித்துவிடும்.

ஆகவே 'டர்னை விடுவது நல்ல உத்தியா' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. நான் சும்மா இருக்கும்போது யாருக்கு வட்டி ஏறுகிறது என்று கேட்கலாம். நான் ஆடும் சில ஆட்டங்களை அந்தக் கேள்வியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

கோ ஆட்டத்தில் பாஸ் என்பது கடைசிக் கட்டத்துக்கானது. இருவரும் அடுத்தடுத்து பாஸ் சொன்னால் ஆட்டம் முடிந்தது. ஜப்பானிய விதியில் சொந்த இடத்துக்குள் கல் வைத்தால் கல்லுக்கு ஒரு புள்ளி குறையும். அதனால் வைக்க நல்ல இடம் இல்லையென்றால் பாஸ்தான் சரி. ஆரம்பத்தில் எனக்கு இது பிடிபடவில்லை. எதிராளி பாஸ் சொன்னதும், ஏதோ வலை விரிக்கிறார் என்று பயந்து என் இடத்துக்குள்ளேயே நான்கு கல் வைத்தேன். அவர் ஒவ்வொரு முறையும் பொறுமையாக பாஸ் சொன்னார். மூன்றரைப் புள்ளியில் தோற்றேன். சீன விதியில் வைத்த கல்லுக்கும் புள்ளி உண்டு என்பதால் அந்தப் பயம் எனக்கு ஒன்றும் செலவு வைத்திருக்காது. அமெரிக்க விதியில் பாஸ் சொல்கிறவர் எதிராளியிடம் ஒரு கல்லைக் கைதியாகக் கொடுக்க வேண்டும். ஒரே ஆட்டம்தான், பாஸுக்கு விலை மட்டும் விதிக்கு விதி வேறு. இணையத்தில் ஆடச் சேரும் சர்வரில் எந்த விதி என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

க்வெண்ட்தான் இந்த விஷயத்தில் என் செல்லம். மூன்று ரவுண்டில் இரண்டை வென்றவர் ஜெயித்தார். தொடக்கத்தில் கையில் 10 சீட்டு. இரண்டாம், மூன்றாம் ரவுண்டுகளின் ஆரம்பத்தில் மும்மூன்று சீட்டு வரும். ஆனால் கையில் 10-க்கு மேல் நிற்காது. பாஸ் சொன்னவர் அந்த ரவுண்டு முடியும்வரை வாயைத் திறக்க முடியாது.

ஒரு நிலையைப் பாருங்கள். ஆளுக்கு மூன்று சீட்டு போட்டாயிற்று, கையில் ஏழேழு. நான் 15 புள்ளி முன்னால் இருக்கிறேன். இங்கே பாஸ் சொல்கிறேன். இந்த ஏழு முக்கியம்: எட்டோடு பாஸ் சொன்னால் வரப்போகும் மூன்றில் ஒன்றுக்குக் கையில் இடமிருக்காது. என்னைத் தாண்ட எதிராளிக்கு இரண்டு சீட்டு செலவாகிறது. ரவுண்டு அவருக்கு. அடுத்த ரவுண்டில் நான் 10, அவர் 8.

ஆதாயம் எனக்கு என்றுதானே தோன்றுகிறது? இப்போது அவர் ஒரு சீட்டுகூடப் போடாமல் இரண்டாம் ரவுண்டில் பாஸ் சொல்கிறார். நான் ஒரு சீட்டைப் போட்டு ரவுண்டை எடுக்கிறேன். மூன்றாம் ரவுண்டுக்கு எனக்கு 9-உம் 3-உம் 12, அவருக்கு 8-உம் 3-உம் 11. இரண்டும் 10-இல் முட்டி நிற்கின்றன. என் இரண்டு சீட்டு ஆதாயம் காற்றோடு போயிற்று. போதாததற்கு, முந்தைய ரவுண்டை வென்றவர்தான் அடுத்ததைத் தொடங்க வேண்டும் என்பதால் கடைசிச் சீட்டு அவர் கையில். ஒரே ஆட்டத்தில் இரண்டு பாஸ், இரண்டாவது முதலாவதைத் தின்றுவிட்டது. ஆனால் அவர் அதைச் செய்ய நீண்ட ரவுண்டில் தாக்குப்பிடிக்கும் சீட்டுக்கட்டு வேண்டும். என் கட்டு பத்துச் சீட்டு ரவுண்டில் வளரும் வகை என்றால், அந்த பாஸை நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன்.

பேட்டில் ஃபார் வெஸ்நாத் என்ற கணினிப் போர் ஆட்டத்தில் பொழுதே வட்டிக்காரர். ஆறு டர்னில் ஒரு நாள் சுற்றுகிறது: விடியல், பகல் இரண்டு, அந்தி, இரவு இரண்டு. ஈட்டிக்காரன் மாதிரி பகல்படைகளுக்குப் பகலில் தாக்கும் பலம் 25% கூடும், இரவில் 25% குறையும். எலும்புக்கூடு வகையறாவுக்கு நேர் எதிர். எனவே இரவு இரண்டு டர்னும் சண்டையைத் தவிர்ப்பது சோம்பேறித்தனம் ஆகாது. நகராமல், சண்டையிடாமல் இருந்தால் 2 உயிர்ப்புள்ளி திரும்பும், கிராமத்தில் நின்றால் 8, இரண்டும் சேர்ந்தால் 10. சிக்கல் எங்கே என்றால், இருட்டில் வெட்டவெளியில் நின்றால் சூழ்ந்துகொள்வார்கள். பின்வாங்கினால் ஓய்வுப் புள்ளி கிடைக்காது, விட்டுவந்த கிராமமும் அதன் வருமானமும் எதிராளிக்கு. புதிதாக வருகிறவர் காத்திருக்கப் பழக இதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியவில்லை. லாபமும் நஷ்டமும் திரையிலேயே எண்ணாகத் தெரிகின்றன.

தோற்கும் நிலையில் கடிகாரத்தை ஓடவிட்டு எதிராளியைக் கடுப்பேற்றுவதையும் சிலர் இதே கணக்கில் சேர்க்கிறார்கள். அதில் யாருக்கும் வட்டி இல்லை. விடுங்கள்.

செஸ்ஸில் பாஸே கிடையாது. (கொரியச் சதுரங்கமான சாங்கியில் உண்டு.) ஆனால் டர்னை விட்டது போன்ற பலனைக் கால்நடையாகவே வாங்கலாம். வெள்ளை ராஜா டி5-இல், சிப்பாய்கள் ஏ5, சி6-இல். கறுப்பு ராஜா சி8-இல், சிப்பாய் ஏ6-இல். வெள்ளையின் முறை. டி6-க்குப் பாய்ந்தால் கறுப்பு டி8-இல் வந்து எதிரே நிற்கும். சிப்பாயைத் தள்ளி, ராஜாவைச் சி6-க்குக் கொண்டுவந்தால் ஸ்டேல்மேட் (செக்கும் இல்லை, கறுப்புக்கு ஆட நடையும் இல்லை), டிரா. முதலில் சொன்ன நிலையில் கறுப்பு ஆட வேண்டியிருந்தால் அது தோற்றது. சரி, முறையை எப்படி மாற்றுவது? வெள்ளை ராஜா சி4, டி4, டி5 என்று முக்கோணமாகச் சுற்றுகிறது. வெள்ளையின் சி6 சிப்பாயை மறித்து நிற்கும் கறுப்பு ராஜாவோ டி8 (அல்லது பி8), சி8 என்று கடைசி வரிசையிலேயே அல்லாட வேண்டும். மூன்று நடையில் வெள்ளை பழைய இடத்துக்கே வந்துவிட்டது, பலகையில் ஒன்றும் மாறவில்லை, ஆட வேண்டியது மட்டும் இப்போது கறுப்பு.