டிஎஸ்எல்ஆரா, காம்பாக்டா: இரண்டையும் பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி உள்ள பெரிய கேமரா) வாங்கலாமா, காம்பாக்ட் (லென்ஸ் கழற்ற முடியாத சிறிய கேமரா) போதுமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கேமராவோடு வரும் 18-55 எம்எம் கிட் லென்ஸைத் தாண்டி இன்னொரு லென்ஸ் வாங்குவீர்களா? மாட்டேன் என்றால் நல்ல காம்பாக்டே வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் இது எனக்கு உறுதியாகிவிட்டது.

சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) பெரிதென்றால் படம் நன்றாக வரும் என்பார்கள். பாதி உண்மை. சாதாரண டிஎஸ்எல்ஆரின் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5 x 15.6 மி.மீ. 2012-இல் தொடங்கிய சோனி ஆர்எக்ஸ்100 வரிசை போன்ற காம்பாக்டுகளின் 1 இஞ்ச் எனப்படும் சென்சார் 13.2 x 8.8 மி.மீ. பரப்பில் மூன்று மடங்கு வித்தியாசம். ஆனால் கிட் லென்ஸின் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) எஃப்/3.5-இல் தொடங்கி, ஜூம் செய்யச் செய்ய எஃப்/5.6 வரை சுருங்கும். இந்தக் காம்பாக்டுகள் பலவற்றின் லென்ஸோ எஃப்/1.8 வரை திறக்கிறது. அகலக் கோணத்தில் சென்சாரின் அதே அளவு பரப்பில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்கு. சென்சாரில் விட்டதை லென்ஸில் பிடித்துவிடுகிறது. மங்கலான அறையில் இரண்டிலும் எடுத்த படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் நாய்ஸில் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கரகரப்பில்) எனக்குப் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. (6.2 x 4.6 மி.மீ. அளவுக்குச் சிறிய சென்சார் உள்ள காம்பாக்டுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்குப் பதில் கையிலிருக்கும் ஃபோனே போதும்.)

அதே டிஎஸ்எல்ஆரில் 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸை மாட்டிப் பாருங்கள், கதையே வேறு. ஏபிஎஸ்-சியில் அது, 35 எம்எம் ஃபிலிம் கேமராவில் 75 எம்எம் லென்ஸ் தரும் கோணத்தைத் தரும். முகங்களுக்கென்றே அமைந்த கோணம். கண்கள் கூர்மையாக நிற்க, பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். காம்பாக்டும் எஃப்/1.8 தான், ஆனால் அந்த அப்பர்ச்சர் கிடைக்கும் இடத்தில் அதன் நிஜ ஃபோகல் லெங்த் (லென்ஸின் எம்எம் அளவு) 10 எம்எம்மை ஒட்டியே இருக்கிறது. அது இவ்வளவு குறைவாக இருப்பதால் பின்னணி அவ்வளவு கரையாது. முகப் படங்களில் எனக்குள்ள பித்துக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ஓடுவதையும் பறப்பதையும் எடுப்பவர்களுக்கும் டிஎஸ்எல்ஆர்தான். கண்ணாடியில் பட்டு வரும் காட்சியை நேராகப் பார்ப்பதால் வ்யூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலில்) தாமதமே இல்லை. ஃபோகஸ் செய்யும் தனி சென்சார், லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை உடனே கணித்துவிடும். பழைய காம்பாக்டுகள் முன்னும் பின்னும் தேடித் தடுமாறுவதற்குள் பறவை கிளையை விட்டுப் போயிருக்கும். 

காம்பாக்டில் நான் மனதார நேசிப்பது, பல மாடல்களில் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் லீஃப் ஷட்டரை (இதழ்போலத் திறந்து மூடும் ஷட்டர்). டிஎஸ்எல்ஆரில் ஃபிளாஷ் சாதாரணமாக 1/200 அல்லது 1/250 நொடி ஷட்டர் வேகம் வரைதான் ஒத்துப்போகும். லீஃப் ஷட்டரில் அதைவிட மிக வேகமாகப் போகலாம் என்பதால், உச்சி வெயிலில் நிழல் விழுந்த முகத்தைக் குட்டி ஃபிளாஷே தெளிவாக்கிவிடும். சத்தமும் அநேகமாக இல்லை. தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி தட்டும் ஓசையோடு படம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பேட்டரியில் டிஎஸ்எல்ஆருக்குத் தெளிவான வெற்றி. காம்பாக்டோடு கூடுதல் பேட்டரி கட்டாயம்.

தூசி விஷயத்தை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. லென்ஸ் மாற்றும்போது டிஎஸ்எல்ஆருக்குள் தூசி போகும், ஆனால் காற்றூதியால் நாமே சுத்தம் செய்யலாம். காம்பாக்டின் லென்ஸ் நீண்டு சுருங்கும்போது உள்ளே இழுத்த தூசியை எடுக்க மொத்தமாகப் பிரித்தாக வேண்டும். என்னுடையதில் வானத்தை எடுத்தால் ஒரு மூலையில் கறை தெரிகிறது. அதனால் பையில் தனி உறையில்தான் வைக்கிறேன்.

இப்போது பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) பக்கம் போய்விட்டதால், நல்ல டிஎஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கின்றன. வாங்கும்முன் ஷட்டர் கவுண்ட்டை (இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதை) கேளுங்கள். எஃப்/16-இல் வெள்ளைச் சுவரை எடுத்துத் தூசியைப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தை 50 எம்எம்முக்கு ஒதுக்குங்கள்.