பென்ஷனா, காப்பீடா, வீடு தேடி வரும் நர்ஸா? ராமநாதபுரம் கரையில் முதுமைச் செலவுக் கணக்கு

தமிழ்நாட்டில் 2021இல் நூற்றுக்கு 13.6 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 2031இல் இது 18.2 ஆகும் என்பது மத்திய அரசின் கணிப்பு. 2021இல் கேரளாவில் இருந்ததே 16.5தான். பத்தே வருஷத்தில் அதையும் தாண்டிவிடுவோம். இதற்கு ஒதுக்கும் பணத்தை எதில் போடுவது? பென்ஷனை உயர்த்தலாம், மருத்துவக் காப்பீட்டை விரிக்கலாம், வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பராமரிப்பை வளர்க்கலாம். மூன்றும் தேவைதான். ஆனால் கையில் இருக்கும் பணத்துக்கு மூன்றும் போட்டி போடுகின்றன. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையிலான மீனவர் கரையை மனதில் வைத்து இதைப் பார்க்கிறேன்.

இந்தக் கரையில் முதுமைக்கென்று பணம் சேர வழியே இல்லை. மீனை விற்று, டீசலும் ஐஸும் கழித்து, மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்கள். பிஎஃப் பிடிக்க முதலாளி என்று யாரும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையிலேயே கிடக்கும். கடல்பாசி எடுக்கிற பெண்களுக்கு அந்தப் பங்கும் கிடையாது, மூழ்கி எடுத்தால்தான் காசு. நாற்பது வயதிலிருந்தே சந்தா கட்டவைத்து முதியோர் பராமரிப்புக் காப்பீடு நடத்தும் ஜப்பான் முறை இங்கே எடுபடாது.

முதலில் பென்ஷன். 1962இல் இருபது ரூபாயில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. இதில் அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசு தருவது 200 ரூபாய்தான், அதுவும் 2007 முதல் அப்படியே நிற்கிறது. மற்றதெல்லாம் மாநிலத்தின் சுமை. இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, செலவை முன்கூட்டியே கணக்கிட முடிவது. 2021இல் மாநிலத்தில் முதியோர் ஏறக்குறைய ஒரு கோடி. எல்லோருக்கும் கொடுத்திருந்தால் வருஷத்துக்குச் சுமார் 15,000 கோடி ரூபாய். 2031இல் 1.4 கோடிப் பேர் இருந்தால் அதே 1,200க்கே 20,000 கோடி. பெரிய தொகைதான், ஆனால் எதிர்பாராமல் வந்து நிற்கும் செலவு இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். ஆதரவற்றவர் என்று காட்டினால்தான் பணம். கீழக்கரை, பெரியபட்டினம் போல வெளிநாடு போனவர்கள் நிறைந்த ஊர்களில், மகன் இருக்கிறான், பணம் அனுப்புகிறானா இல்லையா என்பதை விஏஓ எதை வைத்து எழுதுவார்? அப்புறம் வயது. கடலில் உழைத்த உடம்பு அறுபது வரை காத்திருப்பதில்லை. பிரேசிலில் கிராமத்து உழைப்பாளிக்கும் சிறு மீனவருக்கும் ஆணுக்கு 60, பெண்ணுக்கு 55 வயதில் குறைந்தபட்சக் கூலி அளவுக்குப் பென்ஷன் உண்டு. பாசி எடுக்கிற பெண்களுக்காவது அந்த 55ஐ நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காப்பீட்டுக்குத்தான் விளம்பரம் அதிகம். 2024 அக்டோபர் முதல் எழுபது வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோரும், வருமானம் பாராமல், ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறார்கள். இதய ஆபரேஷனுக்குக் கடன் வாங்காமல் தப்பிப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அட்டைக்கு வேலை. மாதாமாதம் வாங்கும் சுகர் மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் அது உதவாது. அந்த மாத்திரையை விட்டவருக்குச் சில வருஷம் கழித்து சிறுநீரகம் கெடும், அப்போது அட்டை பணம் கட்டும். முதியோர் பெருகப் பெருக அரசின் செலவு ஏறுவது இந்த வழியாகத்தான், அது எவ்வளவு ஏறும் என்று முன்னாலேயே சொல்லவும் முடியாது. தூரமும் இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர். மருத்துவக் கல்லூரி அங்கே 2022இல்தான் திறந்தது. அதற்கும் மேல் என்றால் மதுரைக்குப் போக வேண்டும். கூடப் போகிறவரின் பஸ் காசையும் போன கூலியையும் எந்த அட்டையும் தராது.

மூன்றாவது, வீடு தேடிப் போவது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வாசலில் கொண்டுவந்து தருகிறது. படுக்கையில் கிடப்பவருக்குப் பிசியோதெரபியும் வலி தணிக்கும் சிகிச்சையும் அதில் உண்டு. கேரளாவில் இது இன்னும் ஆழமாக வேர்விட்டது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு கிளினிக்கைப் பார்த்து, 2008இல் அரசே கொள்கை வகுத்தது. பஞ்சாயத்துகள் சொந்த நிதி போட்டு நர்ஸை வீடுகளுக்கு அனுப்புகின்றன. மகன் வளைகுடாவில், மருமகள் பிள்ளைகளோடு டவுனில், கிழவி மட்டும் பாம்பனில் என்று இருக்கும் வீட்டுக்கு நர்ஸ் வந்து காலில் இருக்கும் புண்ணைப் பார்த்துவிட்டுப் போவது, பின்னால் அந்தக் காலையே எடுக்க வேண்டிய செலவைத் தடுக்கும்.

இதன் பலவீனம் ஆள்தான். வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை, சம்பளம் இல்லை. முதியோர் கூடும்போது இவர்களை இதே நிலையில் வைத்து இழுக்க முடியாது.

ஆகவே என் வரிசை இது: அடுத்து வரும் பணம் முதலில் இந்தப் பெண்களின் சம்பளத்துக்கும் கூடுதல் நர்ஸ்களுக்கும். பிறகு பென்ஷனில் ஆதரவற்றவர் நிபந்தனையைத் தளர்த்துவது. காப்பீட்டுத் தொகையை இன்னும் ஏற்றுவது கடைசி. மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி ஒன்றியங்களுக்கு நர்ஸ் ஒதுக்கும்போது மொத்தத் தலைக்கணக்கை விட்டு அறுபது கடந்தோர் கணக்கை எடுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பு இதற்கு ரொம்பப் பழசு. 2027 கணக்கெடுப்பின் வயது விவரம் வந்தவுடன், அது வரும் ஆண்டின் பட்ஜெட்டிலேயே இதைச் செய்யலாம்.